ரேடியேட்டரில் மஞ்சள்

நம் வரிசை வீட்டுக் கைபேசிக் குழுவில் என் பெரிய மாமாவின் படத்தைப் போட்டு "எப்பேர்ப்பட்ட மனுசன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்புப் பொம்மைகள். காம்பார் ஊரில் கோயிலுக்கு விளக்குப் போட்டாராம், ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கிக் கொடுத்தாராம், மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்களாம். போர்த்தட்டும். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காக நானும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டுமா? நான் கைகூப்பவில்லை. அதைக் கவனித்துவிட்டு உங்களில் ஒருத்தி தனியாக அழைத்து, "இன்னுமா அத மனசுல வெச்சிருக்க? நமக்கெல்லாம் வயசாயிருச்சு லா" என்றாள். ஆமாம் தாயே, வைத்திருக்கிறேன். முட்டி தேய்ந்துவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, கண்ணில் புரை எடுத்தாயிற்று. இது மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது. நீங்களும் அன்று அதே வரிசையில்தான் நின்றீர்கள், ஆனால் பாதிதான் பார்த்தீர்கள். மிச்சத்தை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிறகு கைகூப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரப்பர்த் தோட்டம் கைமாறி, பால்மரங்களையெல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு நாம் எல்லோரும் செமோர் தாமான் குடியிருப்புக்கு வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? சிமெண்டுத் தரை, ஒரே மாதிரி கதவுகள், பின்னால் நாறும் சாக்கடை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், என் தம்பி, அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. தோட்டத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல், அண்ணனோடு வந்தவள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. எனக்குப் பேன் பார்ப்பதும், சடை பின்னுவதும், பள்ளிக்கூடத்துக்குப் பிரட்டல் மீ நூடுல்ஸ் கட்டிக் கொடுப்பதும் அவள்தான். நல்ல காரியம் எதிலும் முன்னால் வந்து நிற்க மாட்டாள். வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தோட்டத்தில் லோரி ஓட்டிய அப்பாவுக்கு இங்கே வேலை இல்லை. பெர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றும் 'கெரெத்தா சாப்பு' ஓட்டலாம், காலையில் ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகலாம், மத்தியானம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார். கார்தான் இல்லை. அத்தை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அப்பா கையில் வைத்தாள். அவள் புருஷன் போட்ட சங்கிலி அது. "எனக்கு எதுக்கு அண்ணே இது? பொட்டியிலதான கெடக்கப் போவுது" என்றாள். அந்தச் சங்கிலிதான் காராயிற்று.

கார் கொடுத்தவர் பெரிய மாமா. அம்மாவின் அண்ணன். ஜெலாப்பாங்கில் பட்டறை வைத்திருந்தார், பழைய கார்களை வாங்கி வண்ணம் பூசி விற்பார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சீப்பு இருக்கும், பேசும்போது அதை எடுத்து எடுத்து வைப்பார். "மச்சான், ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்ச வண்டி. வெளியாளுக்குக் குடுப்பேனா?" என்றார். ஜப்பான்காரன் வண்டி, பிஸ்கட் நிறம். பின் கண்ணாடிக்குப் பூப்போட்ட திரை, முன்னால் ஒரு பிளாஸ்டிக் காற்றாடி. சீட்டில் சிகரெட் வாடையும் தைல வாடையும் கலந்து வரும். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து மாமாவே முதலில் ஏற்றி நசுக்கினார். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினீர்கள். தன் சங்கிலியில் வந்த காரை அத்தை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் சூடு காட்டும் ஊசி ஏற ஆரம்பித்தது. ஜெலாப்பாங் போகும் வழியிலேயே சூடு சிவப்புக் கோட்டைத் தொடும், அப்பா ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார். காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி இருமும், உதறும், பின்னால் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொட்டும். வரிசை முழுக்கக் கொசுமருந்து அடித்தாற்போல் ஆகும், உங்கள் அம்மாக்கள் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். அப்பா ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் கறுப்பாக இருக்காது, ஆற்றிய தே தாரிக் டீயின் நுரை மாதிரி அப்பியிருக்கும். இதில் எனக்குப் புரியாத சங்கதி ஒன்று இருந்தது. வண்டி கொதிக்கும்போதெல்லாம் சமையல் வாசம் வரும். பின் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரோ மீன் குழம்பு வைக்கிறார்கள் என்று நினைப்பேன். பசிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா சாப்பிட வந்திருந்தார். வண்டியை என்னவென்று பார்க்கச் சொல்லி அப்பா வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஆற விட்டுப் பாக்கலாம் மச்சான், இப்ப வேணாம்" என்று மாமா இழுத்தார். ஏன் இழுத்தார் என்று இன்று தெரிகிறது. அப்பா கேட்கவில்லை, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். பொங்கிக்கொண்டு வந்தது தண்ணீர். மஞ்சள் மஞ்சளாக, கட்டி கட்டியாக, அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்க.

"ஐயோ, மஞ்சத் தண்ணி!" என்று அம்மா அலறினாள்.

நீங்கள் எல்லோரும் ஓடிவந்தீர்களே, அப்போதுதான். நம் ஆட்களுக்கு மஞ்சள் தண்ணீர் என்றால் என்ன அர்த்தம்? ஒன்று சடங்கு, இல்லையென்றால் செய்வினை. இஞ்சினுக்குள் சடங்கு நடக்குமா? வேறு எதையும் யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதட்டை நக்கினார். சீப்பை எடுத்தார், தலை வாராமலே திரும்ப வைத்தார். பிறகு அடுப்படி ஜன்னலைப் பார்த்தார்.

"மச்சான், இது வண்டிக் கோளாறு இல்ல. யாரோ வேல பண்ணிருக்காங்க."

"யாரு மச்சான் நமக்குப் பண்ணப் போறா?"

"வெளிய தேடாத. மஞ்ச தொடக்கூடாத கை ஒன்னு ஒன் வீட்லயே இருக்கு. நாலு பேரு சிரிச்சு வாழுறதப் பாத்தா அதுக்கு வயிறு எரியாதா?"

இதை அவர் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

அத்தை வெளியே வந்தாள். கையெல்லாம் அரைத்த மசாலா. அந்தக் கையோடு வந்திருக்க வேண்டாம், பாவி. "அண்ணே, நான் கொழம்புக்குத் தொடுற மஞ்சதான் எனக்குத் தெரியும். அந்த மூடிய எப்படித் தொறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். அப்பா சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாதான் பேசினாள். "எம் புள்ளைங்க இருக்கற வீடு இது. இனிமே என்னால நிம்மதியா தூங்க முடியாது."

அன்று சாயங்காலமே அத்தை ஒரு சாக்குப் பையோடு இறங்கிப் போனாள். வரிசையின் கடைசி வீடுவரை எல்லோரும் வாசலில் நின்றீர்கள். ஒருவர்கூட "எங்கம்மா போற?" என்று கேட்கவில்லை. தோட்டத்தில் அவளோடு ஒரே நிரையில் பாலுக்கு மரம் வெட்டிய பெண்களும் அங்கே நின்றார்கள். நான் பின்னாலேயே ஓடினேன், அம்மா சடையைப் பிடித்து இழுத்துவந்தாள். அத்தை காலையில் பின்னிவிட்ட சடை.

அப்புறம் பரிகாரம் நடந்தது. மாமாவே ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். பூசணிக்காயை உடைத்து, ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க இறக்கி, குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவி, மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லாமல் போன பிறகு தீர்த்தம் கலந்த தண்ணீரை ஊற்றினார்கள். கழிப்பு முடிந்த மறுநாள் வண்டி நடுரோட்டில் டொக்கென்று நின்றது. தள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். மாமாவை வரச் சொல்லி ஆள் விட்டால், "அவ போறப்ப பெருசா ஏதோ வெச்சிட்டுப் போயிருக்கா" என்று சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை.

அத்தை எங்கும் தூரமாகப் போய்விடவில்லை. என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், செமோர் டவுனில், பாய் கடையில் இருந்தாள். ரொட்டிக்கு மாவு பிசைவதும் தேத்தண்ணி கலக்குவதும் வேலை, கடைக்குப் பின்னால் ஓர் அறை. பாய் நல்ல மனிதர். "தங்கச்சி, இங்க ஒன்னய ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்று சொன்னவர் கடைசிவரை கேட்கவும் இல்லை. பள்ளி விட்டதும் நான் அங்கே ஓடிவிடுவேன். வண்டி செத்துப்போன கதையை ஒருநாள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு கிழட்டுச் சீனர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கார் பழுதுபார்ப்பவர், எல்லோரும் 'அப்பே' என்றுதான் கூப்பிடுவோம். தோட்டங்களைச் சுற்றியே வளர்ந்தவர், தமிழ் பேசுவார்.

"ஏய் பொண்ணு, ஆயில் மூடி தொறந்தா உள்ள என்னா கலர்?"

நான் அவர் கையிலிருந்த தே தாரிக் கிளாஸைக் காட்டினேன்.

"பின்னால வெள்ள பொக வருதா? தண்ணி ஊத்த ஊத்தக் காணாப் போவுதா?"

"ஆமா."

"அது பேய் இல்ல லா. கேஸ்கெட் போச்சு." இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்திக் காட்டினார். "கீழ இஞ்சின், மேல அதோட தல. நடுவுல இந்த மாதிரி மெலிசா ஒரு தகடு. அது எரிஞ்சா தண்ணியும் ஆயிலும் நெருப்பும் ஒன்னாப் போயிரும்."

"அப்ப மஞ்ச?" என்றாள் அத்தை.

அப்பே சிரித்த சிரிப்பில் கிளாஸ் தளும்பியது. "அதுவா! கெரெத்தா விக்கிறவன் வேல லா. மஞ்சத்தூள் போட்டா ஓட்டைய அடைக்கும், கொஞ்ச நாள் தண்ணி நிக்கும். கழுவிட்டா அவ்ளோதான், செத்துப் போவும்."

அத்தை சிரிக்கவில்லை. மாவுக் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். "அப்பே, அதக் கழட்டி அண்ணன் கண்ணுக்கு முன்னால காட்ட முடியுமா?"

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அப்பே பார்ப்பதாகச் சொன்னேன். "ஒங்க அத்த சொல்லி அனுப்பினாளா?" என்றார். இல்லை என்று சாதித்தேன். இந்தப் பொய்யை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவும் அம்மாவும் கொட்டகையில் நின்றார்கள். அப்பே போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இஞ்சினின் தலையைத் தூக்கியபோது ஒட்டியிருந்தது பிய்ந்து வருகிற சத்தம் கேட்டது. தகட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பெரிய ஓட்டைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பாதை எரிந்திருந்தது. தண்ணீர் ஓடும் துளைகளில் ஸ்குருடிரைவரை விட்டுச் சுரண்டினார், பூசாரி எவ்வளவு பீய்ச்சியும் போகாத மஞ்சள் சேறு உள்ளே இறுகிக் கிடந்தது. அதை அப்பாவின் மூக்கருகே கொண்டுபோய், "மோந்து பாரு, இது இப்ப போட்டதா? வெந்து வெந்து கல்லாப் போச்சு. நீ வாங்கறதுக்கு முந்தியே போட்டாச்சு" என்றார். பிறகு தலையின் அடிப்பக்கத்தில் இரும்பு அளவுகோலை நிறுத்திக் காட்டினார். கோலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது, சூட்டில் வளைந்துபோயிருந்தது. அதைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சமமாகச் சீவி, புதுத் தகடு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசை தப்பாமல் முறுக்கி, இஞ்சினை மூடிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வண்டி இருமவே இல்லை.

தகட்டை உரித்த அன்று அத்தை கடையின் பின்வாசலில் தட்டோடு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். அம்மா, "எங்கண்ணன் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டாரு. அவருக்கே எவனோ ஏமாத்தி வித்திருப்பான்" என்றாள். அப்பா, "சரி விடு. சொந்தத்துக்குள்ள எதுக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், கேட்டுக்கொள்ளுங்கள்! ஒருத்தியைப் பேய் பிடித்தவள் மாதிரி தெருவில் விரட்டியாயிற்று, சொந்தத்துக்குள்ள எதுக்காம். அத்தை கொட்டகைக்குள் வந்தாள். "அப்பே, அந்தப் பழைய தகட்ட எனக்குக் குடு" என்று வாங்கிக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் மாமா பட்டறையில் அதைத் தடபுடலாகச் செய்வார், தெரியுமே. ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். அவரிடம் கார் வாங்கியவர்கள் எல்லோரும் வண்டியைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்த, பானெட்டுக்குப் பொட்டு வைத்துக் கொடுப்பார். வெட்கமில்லாமல் நாங்களும் போயிருந்தோம். தீபாராதனை நேரத்தில் அத்தை வந்தாள். பஸ்ஸில் வந்தவள், கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பொட்டலம் மஞ்சள்தூள், அதன் மேல் அந்தக் கருகிய தகடு. தகட்டுக்குச் சந்தனம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தாள்.

நல்ல காரியத்தில் முன்னால் வராதவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக சாமி படத்துக்கு முன்னால் போய்த் தாம்பாளத்தை வைத்தாள்.

"இதுக்கும் காட்டுங்க பூசாரி. இதுவும் ஆயுதந்தான். என்னைய வெட்டுன ஆயுதம்."

"ஏய், என்னா இது? யாரு இவள உள்ள விட்டது?" என்று மாமா பாய்ந்தார்.

"ஏங்க, கத்தாதீங்க. சூடம் எரிஞ்சுக்கிட்டிருக்கு. வண்டியில நீங்க மஞ்சள் போடலன்னு அத அணச்சு சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா நான்தான் வெச்சேன்னு ஒத்துக்கிட்டு இங்கயே விழுந்து கும்புடுறேன்."

மாமா சிரிக்கப் பார்த்தார். சீப்பைத் தேடினார், அகப்படவில்லை. சூடம் தட்டில் எரிந்துகொண்டே இருந்தது. அவர் கை மட்டும் நீளவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர், செமோர் சந்தையில் மீன் விற்பவர், தன் காருக்குப் போனார். பொட்டு வைத்த பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் மஞ்சளாக இருந்தது. "பாவி மகனே!" என்றார். அடுத்தது ஒரு வாத்தியார் போனார். அப்புறம் எல்லோரும் போனார்கள். பூ வைத்த பானெட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஒவ்வொருவராக விரலைப் பார்த்தார்கள். மாமாவைச் சுற்றி ஆட்கள் நெருங்கியபோது அவருடைய சந்தனப் பொட்டு வேர்வையில் மூக்குவரை வழிந்தது. அந்த முகத்தை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். தூக்கம் வராத நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன், எனக்கு அது சுகமாக இருக்கிறது. அவர் ஜெலாப்பாங்கைக் காலி செய்துவிட்டுக் காம்பாருக்கு ஏன் போனார் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லையே? இதனால்தான் போனார்.

மறுநாள் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போனார். வண்டி பூ மாதிரி ஓடியது. அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. ஒங்க அண்ணியும் வரச் சொன்னா. பழச நெனக்காத."

அத்தை பிசைவதை நிறுத்தவில்லை. "தங்கச்சிய நம்புறதுக்கு ஒரு இஞ்சினக் கழட்டிப் பாக்க வேண்டியிருந்துச்சா அண்ணே?"

பாய் கல்லாவிலிருந்து எழுந்து, காற்று வாங்கப் போகிறவர் போல வெளியே போய்விட்டார். அத்தை கையைக் கழுவித் துடைத்தாள். பிறகு அந்தக் கையை அப்பாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"சாவி."

"என்னாது?"

"வண்டிச் சாவி. அது எஞ் சங்கிலி. குடுங்க."

"ஒனக்குத்தான் ஓட்டவே தெரியாதே லா. வாங்கி என்னா பண்ணப் போற?"

"நிக்கட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அத்தைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார், கெஞ்சுவது போல ஏதோ முனகினார். அத்தையின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. சாவியை அதில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "நீ பள்ளிக்கூடம் விட்டு எப்பவும் போல வா பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி மாவுக்குத் திரும்பினாள்.

அப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல உச்சி வெயில், பஸ் லேசில் வரவில்லை. அப்பா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எதிரில் பாய் கடை நிழலில் நின்ற பிஸ்கட் நிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோதும் நான் அடக்கிக்கொள்ளவில்லை.